ஹூஸ்டன் குவில்ட் விழா: ஒரே வரியில் கூட்டக் கூடாத செலவுகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைவேலைப் பொழுதுபோக்குக்காக வெளிநாட்டு விழாக்களுக்குப் போய்வரும் நடுத்தரக் குடும்பத்துப் பெண்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. அதற்கு மறுமொழி எழுதிய வாசகர் ஒருவர், விமானக் கட்டணம், தங்கும் செலவு, நுழைவுச் சீட்டு, வகுப்புக் கட்டணம், பெட்டி நிறைய வாங்கிவந்த சாமான்கள் ஆகிய அனைத்தையும் ஒன்றாகக் கூட்டிக் காட்டி, 'ஒரு போர்வை தைப்பதற்கு இத்தனை லட்சமா?' என்று கேட்டிருந்தார். கேட்டதில் தவறில்லை. ஆனால் கூட்டிய விதத்தில்தான் எனக்கு உடன்பாடில்லை. இந்தச் செலவுகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு காரணத்துக்காகச் செய்யப்படுபவை. வெவ்வேறு பயன் தருபவை. சில எந்தப் பயனும் தராதவை. அவற்றைத் தனித்தனியாகப் பார்த்தால்தான் எது தகும், எது தகாது என்பது தெரியும். பள்ளியில் தையல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையிலும், மகன் குடும்பத்தோடு தங்கியிருந்த காலத்தில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் நடக்கும் சர்வதேச குவில்ட் விழாவுக்குப் போய் வந்தவள் என்ற முறையிலும் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

குவில்ட் என்பது மூன்று அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கும் விரிப்பு. மேலே பல வண்ணத் துணிகளை வெட்டி இணைத்த முகப்பு, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு முழுத்துணி. மூன்றும் நகராமல் இருக்கக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டுத் தையல் போட்டு, கடைசியில் நான்கு ஓரத்துக்கும் பட்டி கட்டுவார்கள். நம் வீடுகளில் பாட்டிமார் பழைய நூல் புடவைகளை அடுக்கிவைத்துத் தைத்து, பிறந்த குழந்தையைக் கிடத்துவதற்குப் போட்ட விரிப்பும் ஏறத்தாழ இதே வேலைதான். அமெரிக்காவில் குடியேறிகளின் வீட்டு வேலையாக இருந்து மறையத் தொடங்கியிருந்த இக்கலை, 1970களில் மீண்டும் தலையெடுத்தது. 1971இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் குவில்ட்டுகளை ஓவியங்களைப் போலச் சுவரில் மாட்டிக் காட்சிக்கு வைத்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். 1976இல் அந்நாட்டின் இருநூறாம் ஆண்டுக் கொண்டாட்டம் வந்தபோது, பாட்டி காலத்துக் கைவேலைகள் எல்லாவற்றின் மீதும் மக்களுக்கு ஆசை திரும்பியிருந்தது. அந்தச் சமயத்தில் டெக்சாஸ் மாநிலத்தின் பழைய குவில்ட் குடும்பம் ஒன்றில் பிறந்த கேரி பிரெஸன்ஹான் என்பவர் 1975இல் தொடங்கிவைத்ததுதான் ஹூஸ்டன் விழா. இன்று ஒவ்வோர் ஆண்டும் இலையுதிர் காலத்தில் ஜார்ஜ் ஆர். பிரவுன் மாநாட்டு மையத்தில் அது நடக்கிறது. கொரோனாவுக்கு முந்தைய ஆண்டுகளில் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் வந்துபோனதாக அமைப்பாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். 2020இல் மட்டும் நேரடி விழா நடக்கவில்லை.

முதலில் பயணச் செலவு. வாசகரின் கூட்டுத்தொகையில் பெரும்பகுதி விமானக் கட்டணம்தான். ஆனால் இந்தியாவிலிருந்து அந்த விழாவுக்குப் போகிறவர்களில் என் வயதுக்காரர்கள் எத்தனை பேர் விழாவுக்காகவே விமானம் ஏறுகிறார்கள் என்று அவர் விசாரித்திருக்க வேண்டும். மகனோ மகளோ அங்கே வேலை பார்க்கிறார்கள், பேரன் பேத்தியைப் பார்க்கப் போகிறோம், போன இடத்தில் சில மாதங்கள் இருக்கிறோம். விசாவுக்குக் கட்டும் பணமும், விமானச் சீட்டும், காப்பீடும் விழாவைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் செலவாகப் போகிறவையே. நம் ஊர்க்காரர்கள் ஹூஸ்டனுக்குப் போனால் பேர்லாந்து மீனாட்சி கோயிலுக்குத் தவறாமல் போகிறார்கள். அந்தக் கோயிலுக்குப் போன செலவு என்று விமானக் கட்டணத்தை யாரும் எழுதிவைப்பதில்லை. விழாவுக்கும் அதே கணக்குத்தான் பொருந்தும். ஏற்கெனவே அந்த ஊரில் இருக்கிறவருக்கு விழாவின் செலவு என்பது வீட்டு வாசலிலிருந்து தொடங்கி வீட்டு வாசலில் முடிகிற செலவு மட்டுமே.

அதே சமயம், மறுபக்கத்தையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அங்கே உறவினர் யாரும் இல்லாமல், விழா ஒன்றுக்காகவே சென்னையிலிருந்து போய், மாநாட்டு மையத்தை ஒட்டிய விடுதியில் நான்கு இரவு தங்கித் திரும்புவதென்றால், பொழுதுபோக்காகத் தைக்கிற ஒருவருக்கு அது எந்த வகையிலும் கட்டுப்படியாகாது. விழா நாட்களில் அந்த வட்டாரத்து விடுதிகள் நிரம்பி, வாடகையும் ஏறிவிடும். இதையே தொழிலாகக் கொண்டு வகுப்பு நடத்துகிறவர்கள், துணி வடிவமைக்கிறவர்கள், குவில்ட் செய்து விற்கிறவர்கள் போனால் அது முதலீடு. மற்றவர்கள் அதற்காகக் கடன் வாங்குவதையோ நகையை அடகு வைப்பதையோ நான் ஆதரிக்க மாட்டேன். லண்டன் பக்கம் பிள்ளைகள் இருக்கிறவர்களுக்கு ஜூலை இறுதியிலோ ஆகஸ்டிலோ பர்மிங்காமில் இதே போன்ற பெரிய விழா நடக்கிறது. அங்கே போகிற காலத்தை அதற்கேற்ப அமைத்துக்கொண்டால் போதும்.

இனி உள்ளூர்ச் செலவு. ஒருநாள் நுழைவுச் சீட்டின் விலை, அந்த ஊரில் இரண்டு பேர் சாதாரண உணவகத்தில் மதியச் சாப்பாடு சாப்பிடுவதைவிடக் குறைவுதான். எல்லா நாட்களுக்கும் சேர்த்து வாங்கினால் இன்னும் மலிவு. மெட்ரோ ரயிலில் ஒன்றேகால் டாலர் கொடுத்தால் மையத்துக்கு அருகிலேயே இறங்கலாம். காரில் போய் அந்தப் பகுதியில் நிறுத்துவதற்குக் கொடுக்கும் பணம் அதைப்போல் பல மடங்கு. உள்ளே விற்கும் சாப்பாடு விலையும் அதிகம், ருசியும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. வெளியே வெயில் அடித்தாலும் உள்ளே ஏசி குளிர் எலும்பைத் துளைக்கும் என்பதால் சால்வை ஒன்று அவசியம். நாள் முழுவதும் சிமென்ட் தரையில் நடக்க வேண்டியிருப்பதால், முழங்கால் வலி உள்ளவர்கள் ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க நினைக்காமல், பாதிப் பாதியாக இரண்டு நாளில் பார்ப்பது நல்லது.

இந்தச் சிறு செலவுக்கு அங்கே என்ன கிடைக்கிறது என்பதைத்தான் அந்த வாசகர் கேட்கவே இல்லை. நூற்றுக்கணக்கான குவில்ட்டுகள் கறுப்புத் திரைகளின் முன்னால் வரிசை வரிசையாகத் தொங்குகின்றன. பரிசு பெற்றவை, நூறு ஆண்டுகளுக்கு முந்தையவை, ஒரே கருத்தை ஒட்டிப் பலர் செய்தவை என்று தனித்தனிப் பகுதிகள் உண்டு. அவற்றில் பலவற்றின் படங்களை நாம் முன்பே புத்தகத்தில் பார்த்திருக்கக்கூடும். ஆனால் படத்தில் நிறமும் வடிவமும் மட்டுமே தெரியும். நூலின் பருமன் தெரியாது. தையல் துணியை எவ்வளவு அழுத்தி இறக்கியிருக்கிறது, அதனால் எந்த இடம் மேடாகவும் எந்த இடம் பள்ளமாகவும் நிற்கிறது, பக்கவாட்டு வெளிச்சத்தில் அது எப்படி நிழல் தருகிறது என்பவை தெரியா. தையல் தெரிந்தவருக்கு வேண்டியது இவைதாம்.

அதிலும் ஒரு வழக்கம் என்னை மிகவும் கவர்ந்தது. காட்சிப் பொருள்களைப் பார்வையாளர்கள் தொடக் கூடாது. கையிலுள்ள எண்ணெய்ப் பசை துணியில் ஏறிவிடும். ஆனால் வரிசைகளின் நடுவே வெள்ளைக் கையுறை அணிந்த தன்னார்வலர்கள், பெரும்பாலும் வயதான பெண்கள், நின்றுகொண்டிருப்பார்கள். அவர்களிடம் கேட்டால், குவில்ட்டின் கீழ்மூலையைப் பிடித்து மெல்லத் திருப்பிப் பின்புறத்தைக் காட்டுவார்கள். நான் அப்படிக் கேட்டுப் பார்த்த ஒன்று, கடுகளவு வட்டங்களும் முடிநூல் அகலக் காம்புகளும் கொண்ட பூங்கொடி வேலைப்பாடு. முன்னால் பார்த்தபோது ஒட்டவைத்ததுபோல் ஒரு தையல்கூடத் தெரியவில்லை. பின்னால் திருப்பியதும், பழுப்புத் துணியில் அதே நிற நூலால் போட்ட தையல் முழுக் கொடியையும் கோட்டோவியமாக வரைந்திருந்தது. ஒரு முடிச்சுகூட வெளியே இல்லை. நூல் முடியும் இடத்தில் முடிச்சைப் பஞ்சு அடுக்குக்குள் இழுத்து மறைத்திருந்தார்கள். அது எப்படி என்று நான் கேட்டதும், அந்த அம்மையார் தம் கைப்பையிலிருந்து சிறிய மாதிரித் துண்டு ஒன்றை எடுத்து, ஊசியை நுழைத்து 'டக்' என்று இழுத்து, முடிச்சு துணிக்குள் புகுவதைக் காட்டினார். அவர் அதற்குக் கூலி வாங்கவில்லை. நுழைவுச் சீட்டுக்குள் அடங்கிய பாடம்தான் அது. என் பணிக்காலம் முழுவதும் நூல் முடிச்சைப் பின்பக்கம் தெரியாமல் வெட்டுவதற்கு மாணவிகளுக்கு ஒரு முறை சொல்லிக்கொடுத்து வந்தேன். அதைவிட இது மேல் என்று ஒத்துக்கொள்ள எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

வகுப்புகளுக்குத் தனிக் கட்டணம் உண்டு. அரைநாள், முழுநாள் என்று வகைகள் இருக்கின்றன. முழுநாள் வகுப்பின் கட்டணம் நுழைவுச் சீட்டைப்போல் பல மடங்கு; அதன்மேல் துணி, நூல், வடிவ அச்சு ஆகியவை அடங்கிய பொட்டலத்துக்குச் சில ஆசிரியர்கள் தனியே வாங்குவார்கள். இயந்திரத் தையல் வகுப்புகளுக்குத் தையல் இயந்திர நிறுவனங்களே இயந்திரங்களைக் கொண்டுவந்து வைக்கின்றன. பெயர் பெற்ற ஆசிரியர்களின் வகுப்புகள் முன்பதிவிலேயே நிரம்பிவிடும் என்பதால், போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது. இந்தக் கட்டணத்தைப் பார்த்துத்தான் அந்த வாசகருக்குக் கோபம் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். காணொளியில் இலவசமாகக் கிடைப்பதற்கு எதற்குப் பணம் என்பது அவர் வாதம். கைத்தையலைப் பொறுத்தவரை அந்த வாதம் செல்லாது. மூன்று அடுக்கையும் ஊடுருவி அங்குலத்துக்குப் பத்துத் தையல் போட வேண்டுமானால், நாம் சாதாரணமாக ஊசியைப் படுக்கவைத்து ஓட்டுவதுபோல் ஓட்டினால் வராது. ஊசியின் காதைத் தையற்கடைகளில் அங்குஸ்தான் என்று சொல்லும் விரல்மூடியின் குழியில் நிறுத்தி, ஊசியைச் செங்குத்தாக இறக்கி, துணியைப் பூட்டிய சட்டத்துக்கு அடியில் வைத்திருக்கும் மற்றக் கையின் விரல்நுனியில் முனை படுவதை உணர்ந்த கணத்திலேயே ஊசியைச் சாய்த்து மேலே கொண்டுவர வேண்டும். தொட்டில் ஆட்டுவதுபோல் ஊசி முன்னும் பின்னும் அசைந்துகொண்டே இருக்கும். அடிக்கை செய்யும் வேலை காணொளியில் தெரியாது, ஏனென்றால் அது துணிக்கு அடியில் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து, 'உங்கள் பெருவிரல் முன்னால் வழி மறிக்கிறது, அதைத் தள்ளி வையுங்கள்' என்று ஒருவர் சொன்னால்தான் கை திருந்தும்.

அந்தக் கட்டணத்தில் ஒரு பங்கு ஆசிரியருக்குப் போகிறது என்பதும் கவனிக்கத் தக்கது. குவில்ட் ஆசிரியர் என்பது அந்நாட்டில் ஒரு தொழில். ஊர் ஊராகப் போய் வகுப்பு எடுத்தும், அச்சுகளும் நூல்களும் விற்றும் அவர்கள் பிழைக்கிறார்கள். கைவேலை கற்றுத் தருவதை ஓர் உபகாரமாக நினைக்காமல், அதற்கு விலை வைத்து, அந்த விலையைக் கொடுத்துக் கற்றுக்கொள்ளும் பழக்கம் அங்கே இருக்கிறது. அங்கே நான் வகுப்புக்குக் கொடுத்த பணத்தை வீண் என்று ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

வீண்செலவு வேறோர் இடத்தில் இருக்கிறது. கண்காட்சிக்கு அடுத்த பெரிய கூடம் முழுவதும் கடைகள். துணி, நூல், கத்தரி, அச்சு, விளக்கு, தையல் இயந்திரம் என்று அங்கே இல்லாதது இல்லை. போர்வை முழுவதையும் சட்டத்தில் பூட்டித் தைக்கும் லாங்ஆர்ம் இயந்திரங்களின் விலை பத்தாயிரம் டாலருக்கு மேலும் போகும். 'விழா விலை' என்று எல்லாவற்றின் மீதும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். பதினெட்டுக்கு இருபத்திரண்டு அங்குல அளவில் வெட்டி மடித்த சிறு துணித் துண்டுகளைக் கூடை கூடையாக வைத்திருப்பார்கள். துண்டு மூன்று, நான்கு டாலர்தானே என்று எடுக்கத் தொடங்கினால், பை நிறைந்தபின் பார்க்கும்போது நூறு டாலரைத் தாண்டியிருக்கும். முழுத் துணியாக வாங்கினால் கெஜம் பன்னிரண்டு டாலருக்குக் குறைவாகக் கிடைப்பது அரிது. நம் பணத்தில் ஆயிரம் ரூபாய்க்கு மேல். ஈரோட்டிலும் கோவையிலும் அதில் நாலில் ஒரு பங்கு விலைக்குள் நல்ல பருத்தித் துணி கிடைக்கும்போது, பஞ்சாலை ஊரிலிருந்து போனவர்கள் அங்கே பருத்தி வாங்கிப் பெட்டியில் அடைப்பதைப் பார்க்க எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. நம்முடைய மெட்ராஸ் கட்டம் போட்ட துணியையே அங்கே கெஜக் கணக்கில் வாங்கினார்கள். அமெரிக்கப் பெண்களே இதைக் கேலி செய்துகொள்வார்கள்: ஆயுளுக்குள் தைத்து முடிக்க முடியாத அளவுக்குத் துணி சேர்த்துவிட்டோம் என்பது அவர்களிடையே வழங்கும் பழைய நகைச்சுவை.

வாங்கத் தகுந்தவையும் இல்லாமல் இல்லை. நல்ல ஊசிகள், விரல்மூடி, கைத்தையலுக்குரிய மெருகிட்ட நூல் ஆகியவை எடையும் இல்லை, விலையும் அதிகமில்லை, இங்கே எளிதில் கிடைப்பதும் இல்லை. வட்டத் தகடு உருண்டோடித் துணியை வெட்டும் உருளைக் கத்தியை 1979இல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் கொண்டுவந்த பிறகு துணி வெட்டும் வேலையே மாறிப்போயிற்று. அது ஒன்று வாங்கலாம், விமானத்தில் கைப்பையில் வைக்காமல் பெட்டியில் வைக்க வேண்டும். அதோடு பயன்படும் வெட்டுப் பலகையைப் பெரிதாக வாங்கினால், மடிக்கவும் முடியாது, சுருட்டவும் கூடாது, வெயிலில் நின்ற காரில் விட்டால் நெளிந்துவிடும். தையல் இயந்திரம் வாங்குவது மட்டும் வேண்டவே வேண்டாம். வகுப்புகளில் பயன்படுத்தியவற்றை விழா முடியும்போது தள்ளுபடியில் கொடுப்பார்கள். பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அவற்றில் பல 110 வோல்ட் மின்சாரத்துக்கு அமைந்தவை. இங்கே மின்மாற்றி இல்லாமல் சொருகினால் எரிந்துவிடும். பழுது பார்க்கவும் ஆள் கிடைக்காது.

இத்தனை சாமான்களுக்கும் இந்தக் கலைக்கும் ஆதியில் எந்தத் தொடர்பும் இல்லை என்பதற்கு அதே ஹூஸ்டனிலேயே ஒரு சான்று உண்டு. அலபாமா மாநிலத்தில் ஆற்று வளைவொன்றுக்குள் அடங்கிய கீஸ் பெண்ட் என்னும் சிற்றூரில், அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள், வயல் வேலைக்கு உடுத்திக் கிழிந்த கால்சட்டைகளையும் சட்டைகளையும் பிரித்து, குளிருக்குப் போர்த்துவதற்காகத் தைத்த குவில்ட்டுகளை 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் காட்சிக்கு வைத்தது. முழங்கால் பட்டுத் தேய்ந்த இடமும், சட்டைப் பை இருந்த இடத்தில் வெளுக்காமல் நின்ற நீலமும் அப்படியே வடிவமைப்பின் பகுதியாகிவிட்டன. நாட்டின் பெரிய அருங்காட்சியகங்கள் பலவற்றுக்கும் அந்தக் கண்காட்சி போயிற்று. 2006இல் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றைத் தபால்தலையாகவும் வெளியிட்டது. அவர்களில் யாரும் துணி வாங்குவதற்கென்று கடைக்குப் போய்ப் பை நிறைத்தவர்கள் அல்லர். ஆகவே, விழாவுக்குப் போவதையும் விழாவில் கடைகளில் சாமான் வாங்குவதையும் ஒன்றாகப் பார்க்க வேண்டாம். வாசகர் கோபப்பட வேண்டியது இரண்டாவதன் மீது; அதில் நான் அவர் பக்கம்.

கட்டுரையிலும் கடிதத்திலும் 'பெண்கள்' என்ற சொல் வந்த அளவுக்கு வேறெதுவும் வரவில்லை என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். கிரிக்கெட் உலகக் கோப்பைக்கு விமானம் ஏறுகிற ஆண்களைப் பார்த்து ஒரு போட்டி முடிவுக்கு இவ்வளவா என்று யாரும் நாளிதழுக்கு எழுதியதாக நினைவில்லை.

எனக்கு உண்மையில் வருத்தம் தருவது வேறு. அங்கே திரைமுன் தொங்கிப் பரிசு வாங்கிய வேலைப்பாடுகளில் பல, துணியை வெட்டி இன்னொரு துணியின்மேல் வைத்துத் தைக்கும் முறையில் அமைந்தவை. அந்த முறையில் நம்மிடம் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். தஞ்சாவூர், கும்பகோணம் பகுதிகளில் கோயில் தேர்களுக்கும் மண்டபங்களுக்கும், உருளை வடிவில் தொங்கும் துணி அலங்காரமான தொம்பையும், மேலே கட்டும் விதானமும் தைக்கிறவர்கள், யாளியையும் மயிலையும் தாமரையையும் சிவப்பு, மஞ்சள், பச்சைத் துணிகளில் வெட்டி, விளிம்பு மடித்து, தொலைவிலிருந்து பார்த்தாலும் துலங்கும்படி வைக்கிறார்கள். தேர் நிலைக்கு வந்ததும் தொம்பையை அவிழ்த்துச் சுருட்டிவைத்துவிடுகிறோம். அதைத் திருப்பிப் பின்பக்கம் தையல் எப்படி ஓடுகிறது என்று நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? அந்தக் கலைஞர் எதிரில் உட்கார்ந்து, கட்டணம் கட்டி, ஒருநாள் கற்றுக்கொள்வதற்கு ஏற்பாடு எங்கே இருக்கிறது?

நம் ஊரில் கைவினைக் கண்காட்சிகளுக்குக் குறைவில்லை. பூம்புகார் விற்பனை நிலையங்கள் நடத்தும் கண்காட்சிகள் இருக்கின்றன. பண்டிகைக் காலத்தில் கல்யாண மண்டபங்களில் போடும் விற்பனைகள் இருக்கின்றன. பெரும்பாலும் நுழைவு இலவசம். இலவசம் என்பதால் அது மலிவு என்று நினைக்கிறோம். தனியார் நடத்தும் பல கண்காட்சிகளில் கடைக்கு வாடகை கட்டுபவர் அந்தக் கைவினைஞர். ஊரிலிருந்து சரக்கைச் சுமந்து வருகிற வண்டி வாடகை அவருடையது. நாள் முழுக்க உட்கார்ந்து, பேரம் பேசுகிறவர்களிடம் விலை குறைத்து, இரவு அறை எடுத்துத் தங்குகிற செலவும் அவருடையதே. பார்க்க வந்தவர் ஒரு பொருளும் வாங்காமல் போனால், இலவச நுழைவின் செலவை ஏற்றவர் அந்தத் தொழிலாளிதான். ஹூஸ்டனில் பார்வையாளர் சீட்டு வாங்குகிறார், கற்பவர் வகுப்புக் கட்டணம் தருகிறார். எதுவும் விற்காவிட்டாலும் கற்பித்தவர் வெறுங்கையோடு திரும்புவதில்லை. நூறு ரூபாய் நுழைவுக் கட்டணமும், பாதிநாள் வகுப்புக்கு ஐந்நூறு ரூபாயும் கொடுக்கக் கோவையில் ஆள் இருக்காது என்று அமைப்பாளர்கள் நினைத்தால், பாட்டு வகுப்புக்கும் யோகா வகுப்புக்கும் இங்கே மக்கள் கொடுக்கிற பணத்தை அவர்கள் கவனிக்கவில்லை என்று பொருள்.

இங்கே முயற்சிகளே இல்லை என்று சொல்லவில்லை. 2019 ஜனவரியில் சென்னையில் இந்திய குவில்ட் விழா என்று ஒன்று நடந்தது. முட்டுக்காடு தட்சிணசித்ராவில் 1996இல் தொடங்கியதிலிருந்து கைவினைஞர்கள் பார்வையாளர் முன்னால் வேலை செய்து காட்டுவதும், பயிற்சி வகுப்புகள் நடப்பதும் வழக்கம். ஆனால் இவை சென்னையையும் அதன் சுற்றுப்புறத்தையும் விட்டு வெளியே வருவதில்லை. தஞ்சாவூரிலோ மதுரையிலோ இரண்டு நாள் விழா ஒன்றை, பள்ளி விடுமுறையில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை எடுத்தே நடத்தலாம். தொம்பை தைப்பவர், சுங்குடிச் சாயக்காரர், பத்தமடைப் பாய் நெய்பவர் ஆகியோரை விற்பனையாளராக அழைக்காமல் ஆசிரியராக அழைத்து, அவர்களுக்குப் போக்குவரத்தும் சம்பளமும் முன்கூட்டியே முடிவு செய்து கொடுக்க வேண்டும். கடைகள் இருக்கட்டும், கடைகளுக்கு ஒரு மூலை போதும். அப்படி ஒன்று நடந்தால், ஹூஸ்டனுக்குப் போகும் வாய்ப்பில்லாதவர்கள் பஸ் கட்டணத்தில் போய்வரலாம். அந்த வாசகரும் தம் வீட்டுப் பெண்களை அழைத்துக்கொண்டு வரலாம்.

ஹூஸ்டன் பக்கம் இலையுதிர் காலத்தில் போகிற பெற்றோர்களுக்கு என் யோசனை இவ்வளவுதான். ஒருநாள் சீட்டு வாங்குங்கள். உங்களுக்குத் தெரியாத ஏதாவது ஒரு முறையில் ஒரே ஒரு வகுப்புக்கு மட்டும் முன்பதிவு செய்யுங்கள். தெரிந்ததையே திரும்பக் கற்க வேண்டாம். காலையில் கூட்டம் சேர்வதற்குள் கண்காட்சியைப் பார்த்து முடித்துவிடுங்கள். கடைக் கூடத்துக்குக் கடைசியில், களைத்த பிறகு, கையில் எண்ணி எடுத்துவைத்த ரொக்கத்தோடு போங்கள். வங்கி அட்டையை மருமகளிடம் கொடுத்துவிடுங்கள். இன்னொரு நாள் ஓய்வாக இருந்தால், ஹூஸ்டனுக்கும் ஆஸ்டினுக்கும் இடையிலுள்ள லா கிரேஞ்ச் என்னும் சிற்றூரில் 2011இல் திறக்கப்பட்ட டெக்சாஸ் குவில்ட் அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம். பெரிய விழாவின் நெரிசல் இல்லாமல் ஒவ்வொன்றின் முன்னாலும் வேண்டிய நேரம் நிற்கலாம்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். தங்கள் நாளிதழின் 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியில் கண்காட்சிகளின் இடமும் நேரமும் தள்ளுபடி விவரமும் வருகின்றன. அவற்றோடு, அங்கே செய்முறை வகுப்பு உண்டா, அதற்கு எவ்வளவு கட்டணம், கற்றுத் தருபவருக்கு ஊதியம் தரப்படுகிறதா என்ற மூன்று விவரங்களையும் அமைப்பாளர்களிடம் கேட்டு வாங்கி வெளியிட முடியுமா? தஞ்சாவூர்ப் பகுதியில் தொம்பை தைக்கும் கலைஞர்கள் யாரேனும் பணம் பெற்றுக்கொண்டு கற்றுத்தர முன்வந்தால், அந்தச் செய்தியையும் தங்கள் மாவட்டப் பதிப்பில் இடம்பெறச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். முதல் மாணவியாகச் சேர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை,
கோயம்புத்தூர்.